மணிக்கு எத்தனை அத்தான்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். இரண்டு கண்களின் மேலும் ஆணை. இடது கண்ணில் புரை விழுந்திருப்பதால் அதன் பங்குக்கும் சேர்த்து வலது கண்ணின் மேல் இரண்டு முறை ஆணை. நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடலாம். போகும்போது நாற்காலியைச் சத்தம் போடாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனால் போதும்.

ஒரு பார்சல் கம்பெனி. கீழ்த்தளத்தில் நீளமான ரப்பர் பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டிகள் அதன்மேல் சவாரி போகும். இருபுறமும் நிற்பவர்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் ஸ்கேனரைக் காட்டுவார்கள். ஸ்கேனர் மாடியில் இருக்கும் சர்வரைக் கேட்கும், சர்வர் பதில் சொல்லும், பெட்டி தான் போக வேண்டிய பக்கம் திரும்பும். பதில் தாமதமானால் ஸ்கேனர் திருதிருவென்று விழிக்கும். ஸ்கேனர் விழித்தால் பட்டை நிற்கும். பட்டை நின்றால் எல்லாரும் இடுப்பில் கை வைத்து மாடியை அண்ணாந்து பார்ப்பார்கள்.

மாடியில், பல் கிட்டிக்கும் குளிரில், கிராஃப் சார் உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதில்லை. நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு கருவியையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, அது எவ்வளவு நேரத்தில் "ம்" என்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. கூப்பிடுவது மென்பொருள், பார்ப்பது அவர். "ம்" சொல்ல ஆன நேரத்தை மென்பொருள் புள்ளியாக வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக இழுத்துச் சுவரில் இருக்கும் திரைகளில் காட்டும். கோடு தாழ்ந்து படுத்திருந்தால் சுகம். எழுந்து நின்றால் வம்பு.

இந்த வேலையில் ஊறி ஊறி அவர் உடம்பே ஐந்து நிமிட உடம்பாகிவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் கண் சிமிட்டுவார். ஜோக் சொன்னால் ஐந்து நிமிடம் கழித்துச் சிரிப்பார்; அதற்குள் சொன்னவர் வீட்டுக்குப் போயிருப்பார். கணக்குப் பிரிவில் யாராவது வேலை நேரத்தில் சினிமா பார்த்தால், ஓடுவது சண்டைக் காட்சியா அழுகைக் காட்சியா என்று கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒருமுறை வாசல் கேமராவின் கோட்டில் ஒரு சிறு நடுக்கத்தைக் கண்டு, காவலாளிக்குச் சளி என்று முடிவுகட்டி மாத்திரை கொடுத்தனுப்பினார். காவலாளிக்கு அப்போது சளி இல்லை. மறுநாள்தான் வந்தது.

இப்படிப்பட்ட மனிதருக்கு உலகத்தில் ஒரே ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. சகலை.

சகலை, அதாவது அவர் மனைவியின் அக்கா புருஷன், போன வருஷம்வரை இதே அறையில் இதே வேலையைப் பார்த்தவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிடங்குக்கு மாற்றலாகிப் போனார். வேறொரு கம்பெனியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கிராஃப் சாரை, "எங்க சகலைதான், நல்ல ஆளு" என்று சொல்லி இந்த இடத்தில் உட்கார வைத்ததும் அவர்தான். ஒருவர்மேல் பொறாமைப்படுவதற்கு அவர் நமக்கு நல்லது செய்திருப்பதைவிட வலுவான காரணம் வேண்டுமா?

போகும்போது சகலை மூன்றை விட்டுப் போனார். தன் கையால் அமைத்த மென்பொருள். நல்ல பெயர். சுழல் நாற்காலி. நாற்காலியின் மெத்தையில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. கிராஃப் சார் ஒரு நாளும் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்ததில்லை. அதன் கரையில் ஒண்டிக்கொண்டே காலம் தள்ளினார்.

இந்த வருஷம் புதிதாக வந்த மேனேஜர் மேடம்தான் சுவரில் இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டச் சொன்னவர். இடது பக்கம் "போன வருஷம் இதே வாரம்." வலது பக்கம் "இந்த வாரம்." இடது பக்கக் கோடு இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. வலது பக்கம் முள்ளம்பன்றி.

மேடம் தினமும் காலையில் வந்து இரண்டையும் பார்ப்பார்.

"என்ன சார், இன்னைக்கும் சிலிர்த்துக்கிட்டு நிக்குது?"

"வெள்ளிக்கிழமை மேடம். லோடு அதிகம்."

"போன வருஷமும் வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை இருந்திருக்கும் சார். உங்க சகலை காலத்தைப் பாருங்க. குழந்தை தூங்கற மாதிரி இருக்கு."

கிராஃப் சார் பார்த்தார். பார்க்காமல் இருந்தால்தானே? ஒரு நாள் முழுக்க ஒரே உயரம்! காலையில் லாரிகள் வந்து குவியும்போதும் அதே உயரம், எல்லாரும் சாப்பிடப் போகும்போதும் அதே உயரம். மனுஷன் என்னத்தைக் கொடுத்து நெட்வொர்க்கை இப்படிச் சொக்க வைத்தான்?

"மாசக் கடைசியில மீட்டிங் வெச்சிருக்கேன்" என்றார் மேடம். "ரெண்டு படத்தையும் பெரிய திரையில போட்டு எல்லாரும் பார்ப்போம். அப்பவும் இதே கதின்னா, அவரையே திரும்பக் கூப்பிட்டு இந்த ரூமுக்குத் தலைவராப் போட்டுடறேன். நீங்க அவருக்குக் கீழ வேலை பாருங்க. சொந்தக்காரங்கதானே, ஒத்துப்போயிடும்."

சொந்தக்காரர்கள்தான். தொல்லையே அதுதான். மாமியார் வீட்டில் சகலை பெரிய மாப்பிள்ளை. அவர் தட்டில் பரிமாறிவிட்டுத்தான் இவர் தட்டுக்குக் கரண்டி வரும். இனி ஆபீசிலும் அதே வரிசையா? காய்ச்சல் என்றால் சகலையிடம் லீவு கேட்க வேண்டும். சகலை அதை வீட்டில் சொல்ல, மாமியார் போன் போட்டு, "லீவு கேட்டீங்களாமே மாப்ளே, பெரிய மாப்ளே குடுத்துட்டாராமே" என்பார். நினைக்கும்போதே கிராஃப் சாரின் அடிவயிற்றில் அடுப்பு பற்றிக்கொண்டது.

இது சும்மா சொல்லுகிற அடுப்பு இல்லை. அறையின் வெப்பத்தை அளக்கும் கருவி அவர் நாற்காலிக்கு நேர் கீழே ஒட்டியிருந்தது. அதற்கும் சுவரில் ஒரு கோடு உண்டு. யாராவது சகலையின் பேச்சை எடுத்தால் அந்தக் கோடு ஏறும். ஏசி தன்னால் வேகமெடுக்கும். இரண்டு ஏசி இதில் புகைந்தே போயின. மூன்றாவதைப் பொருத்த வந்தவர், நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கம்பெனியின் கேபிள்காரர், கூரைக்கும் சுவருக்கும் நடுவே வாழ்நாளைக் கழித்த மனிதர், வாசலில் தலையை நீட்டுவார்.

"சார், ரூம் சூடாகுதே. உங்க சகலைக்கு யாராவது போன் போட்டாங்களா?"

"உன் வேலையைப் பாருய்யா."

"அதைத்தான் பாக்குறேன். கூரைக்கு மேல எலி ரெண்டு குளிருக்கு ஒதுங்க வந்திருக்கு. நல்லா கதகதப்பா இருக்காம்."

கோட்டைப் படுக்க வைக்க கிராஃப் சார் செய்யாத காரியம் இல்லை. கேபிள்களை மாற்றினார். அவை வந்து சேரும் ஸ்விட்ச்சுப் பெட்டிகளைத் துடைத்தார், பிறகு திட்டினார், பிறகு கெஞ்சினார். கணக்குப் பிரிவுக்குப் போய், மெயிலைக் கும்பலாகத் திறக்காமல் ஒருவர்பின் ஒருவராகத் திறக்கச் சொன்னார். கீழே இறங்கி, ஸ்கேனரை வெடுக்கென்று அமுக்காமல் பூவைத் தொடுவதுபோலத் தொடுங்கள் என்று பாடம் எடுத்தார். பட்டையோரம் நின்ற பெண் ஒருத்தி, "சார், பெட்டியை எடுக்கும்போது 'ஆராரோ' பாடட்டுமா?" என்று கேட்டாள். "பாடினால் நல்லது" என்றார். அவளும் பாடினாள். வலது திரையில் முள்ளம்பன்றி இன்னும் இரண்டு முள்ளை நிமிர்த்தியது.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் நிம்மதி கிடையாது.

"அத்தான்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்பாள் மனைவி. "அத்தானுக்குத் தெரியாததா?" என்பாள். "அக்காவை அத்தான் புதுச் செருப்பு வாங்கக் கூட்டிட்டுப் போனாராம்" என்பாள். அவள் இயல்பாகத்தான் சொன்னாள். கிராஃப் சார் காதில் அது 'அத்தான் அத்தான் அத்தான்' என்றுதான் விழுந்தது.

அளக்காமல் எதையும் நம்புகிறவர் இல்லை அவர். கைபேசியில் ஒரு பொத்தான் செய்துகொண்டார். மனைவி வாயிலிருந்து 'அத்தான்' வரும்போதெல்லாம் சட்டைப்பைக்குள் ஒரு அழுத்து. எண்ணிக்கை நேராக ஆபீஸ் மென்பொருளுக்குப் போகும். கருவிகளின் வரிசையில், கிடங்கு ஸ்விட்ச்சுக்கும் மாடிப் பிரிண்டருக்கும் நடுவே 'வீடு' என்று ஒன்று சேர்ந்துகொண்டது. என்ன அலகு என்று மென்பொருள் கேட்டது. 'அத்தான் / மணி' என்று அடித்தார். மென்பொருள் மறுபேச்சு பேசாமல் கோடு போடத் தொடங்கியது.

இந்த ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மாமியார், மனைவியின் அக்கா, சகலை மூவரும் கிராஃப் சார் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் மாமியார் சோபாவில் சாய்ந்து கைபேசியில் தொடர் நாடகம் பார்க்க ஆரம்பித்தார். கதாநாயகி ஏதோ பெரிய ரகசியத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றுவிட்டாள்.

"மாப்ளே, இவ ரொம்ப நேரமா வாயைத் திறந்துக்கிட்டே இருக்கா. ஈ போயிடும்போல இருக்கு."

"கொஞ்சம் பொறுங்க அத்தை. அஞ்சு நிமிஷத்துல பாக்கறேன்."

"நெட்வொர்க்காரர் வீட்டுலயே நெட் வரலையா?" என்று மனைவியின் அக்கா சிரித்தாள். அவள் சிரித்தது பெரிதில்லை. சகலை சிரிக்கவில்லை. அதுதான் உறைத்தது. பெரிய மனிதத்தனமாக எழுந்து, சமையலறைக்குப் போய், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டு, தூசியும் ஒட்டடையுமாக ரவுட்டரை வெளியே எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, கூடத்து அலமாரியின் மேல் வைத்தார்.

"இரும்புக்குப் பின்னாடி வெச்சா சிக்னல் எப்படி சகலை வரும்?" என்றார், ரொம்ப மெதுவாக. அந்த மெதுவுக்கே அவரைக் கோர்ட்டில் நிறுத்தலாம்.

கதாநாயகி வாயை மூடினாள். ரகசியம் வெளியே வந்தது. மாமியார் கை தட்டினார்.

"பெரிய மாப்ளே கை பட்டா கல்லும் பேசும்!"

"அத்தான்னா அத்தான்தான்" என்றாள் மனைவி. "ஒரு வருஷமா இவர்கிட்ட சொல்லிட்டே இருக்கேன் அத்தான். இப்பத்தான் அத்தான் வீடு வீடா இருக்கு. அத்தான், அந்த டிவிக்கும் ஒரு வழி பண்ணுங்க அத்தான்."

கிராஃப் சாரின் கட்டைவிரல் சட்டைப்பைக்குள் தையல் மெஷின் ஊசிபோல இறங்கி ஏறியது. சாயங்காலத்துக்குள் அது வீங்கி, பக்கத்து விரல்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் தனியாக நின்றது. மறுநாள் கட்டுப்போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போய், கதவில் நசுங்கியது என்றார்.

திரையில் 'வீடு' என்ற கோட்டில் ஞாயிறு பகல் கோபுரமாக எழுந்து நின்றது. சுற்றிலும் பொட்டல், நடுவே அது மட்டும். அது திரையின் மேல் விளிம்பைத் தாண்டி, சுவரிலேயே ஒரு விரற்கடை ஏறியிருந்ததாகக் கேபிள்காரர் இன்றைக்கும் சாட்சி சொல்கிறார். அங்கே ஒரு பச்சைத் தடம் இருக்கிறது. இருமுறை பெயின்ட் அடித்தும் போகவில்லை.

கிராஃப் சார் அந்தக் கோபுரத்தைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டார். ஆடுகிற பல்லை நாக்கு போய்ப் போய்த் தொடுமே, அப்படி அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்வதில் அவருக்கு ஒரு சுகம்.

வாரங்கள் போயின. நாளைக்கு மீட்டிங். முள்ளம்பன்றி முள்ளம்பன்றியாகவே இருந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தெரிந்ததும், கடைசியாக ஒருமுறை ஆசை தீர வயிறு எரியலாம் என்று மென்பொருளில் 'வீடு' கோட்டைத் திறந்து, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போனார்.

கோபுரத்தைக் காணோம்.

அது நின்ற இடத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது. எறும்பு மூச்சு வாங்காமல் ஏறி இறங்கலாம், அவ்வளவுதான். தேதியைச் சரிபார்த்தார். சரி. கருவியைச் சரிபார்த்தார். சரி. அப்படியானால் யாரோ உள்ளே புகுந்து அழித்திருக்கிறார்கள். மென்பொருளை அமைத்தது யார்? பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? அறையின் சூடு ஏறியது. எங்கிருந்தோ எலிகள் ஆனந்தமாகக் கீச்சிட்டன.

நேரே வீட்டுக்குப் போனார். மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஞாயித்துக்கிழமையை யாரு அழிச்சது?"

"எந்த ஞாயித்துக்கிழமையை?"

"உங்க அத்தான் ரவுட்டரைத் தூக்கி வெச்ச ஞாயித்துக்கிழமையை."

"கிழமையை எப்படிங்க அழிக்கிறது? உடம்பு சரியில்லையா?"

வேறு வழியில்லாமல் கைபேசியை நீட்டினார். அவள் கோபுரத்தைப் பார்த்தாள்.

"இது என்ன, புதுசா கட்டற கட்டடமா?"

"நீ அன்னைக்கு 'அத்தான்'னு சொன்னது."

"எல்லாமா?"

"எல்லாமும் வரலை. நடுவுல விரல் மரத்துப்போச்சு."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்துக் குவியலின் மேல் வைத்தாள். பிறகு, "சரி, இப்ப என்ன குறைஞ்சு போச்சு?" என்றாள்.

"இப்ப அதே நாளைத் திறந்தா குட்டி மேடு காட்டுது. உங்க அத்தான் உள்ள புகுந்து அமுக்கிட்டார்."

"ஒருத்தரும் அமுக்கலை. அவங்க கிளம்பினதும் தலைவலின்னு படுத்துட்டேன், ஞாபகம் இருக்கா? அன்னைக்கு முழுக்க அப்புறம் வாயே திறக்கலை. பேசினதையும் பேசாததையும் ஒண்ணா பரப்பிவிட்டா அவ்வளவுதானே வரும்?" மடித்துக் குவித்திருந்த துணிகளைக் கையால் தள்ளிக் கட்டில் முழுக்கப் பரப்பினாள். ஆளுயரக் குவியல் அரைச்சாண் உயரமாயிற்று. "இந்தா. இதை எந்தத் திருடன் அமுக்கினான்?"

கிராஃப் சார் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி, "அது சரி, இதையெல்லாம் எதுக்கு எண்ணினீங்க?" என்று கேட்டாள். அவர் காதில் விழவில்லை. சரியாக ஐந்து நிமிடம் கழித்து, தரையிலிருந்து முழங்கால் உயரம் எம்பிக் குதித்தார்.

வேலைக்குச் சேரும்போதே படித்த விஷயம்! பழைய புள்ளிகளையெல்லாம் அப்படியே வைத்துக்கொள்ள மென்பொருளுக்கு இடம் போதாது. புதிய நாட்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. நாட்கள் பழசாக ஆக, புள்ளிகளைக் கூட்டி வகுத்துச் சராசரி ஆக்கிவிடும். நன்றாகப் பழசாகிவிட்டால் ஒரு முழு நாளுக்கே ஒரே ஒரு எண். மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, நடுவில் ஒரு சாதுவான கோடு மட்டும் மிஞ்சும். சகலையின் இஸ்திரி போட்ட சட்டை அதுதான். அந்த நாட்களும் முள்ளம்பன்றிதான். காலம் உட்கார்ந்து உட்கார்ந்து முள்ளை மழித்துவிட்டது. இந்தத் தொழிலில் கொட்டை போட்டவருக்கு இது ஒரு வருஷமாக எப்படித் தெரியாமல் போயிற்று? சகலையின் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண்ணில் பட்டது கோடு இல்லை, சகலை.

மறுநாள் மீட்டிங் அறையில் மேடம், கேபிள்காரர், கீழ்த்தளத்து மேஸ்திரிகள், ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்த சகலை எல்லாரும் கூடியிருந்தார்கள். நாற்காலி போதவில்லை என்று யாரோ மாடியிலிருந்து சுழல் நாற்காலியை உருட்டி வந்திருந்தார்கள். சகலை அதில் உட்கார்ந்தார். பள்ளம் அவரை அடையாளம் கண்டு, ஒரு பெருமூச்சு விட்டு, வாங்கிக்கொண்டது.

பெரிய திரையில் இரண்டு படங்கள். மேடம் ஒன்றும் சொல்லத் தேவையே இருக்கவில்லை. கிராஃப் சார் எழுந்து, பழையதைச் சராசரியாக்கும் கதையைச் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மேடம். "ஆனா வாயால சொன்னா எப்படி? ஒரே நாள். அன்னைக்கு எடுத்த படம் ஒண்ணு, இப்ப எடுத்த படம் ஒண்ணு. ரெண்டையும் காட்டுங்க, ஒத்துக்கறேன்."

அன்றைக்கே எடுத்த படம்! அதை யார் எடுத்து வைப்பார்கள்? ஓடுகிற ஸ்விட்ச்சை யாரும் படம் பிடித்து வைப்பதில்லை. கிராஃப் சாரிடம் உலகத்தில் அப்படி ஒரே ஒரு படம்தான் இருந்தது. அவர் சகலையைப் பார்த்தார். சகலை பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கி, காலை நீட்டினார். நாற்காலி சொகுசாக முனகியது.

அந்த முனகல்தான் அவர் மானத்தை விழுங்கியது. கைபேசியை எடுத்து, இரண்டு படங்களையும் திரையில் போட்டார். போட்ட கையோடு, அலகு எழுதியிருந்த மூலையில் தன் வழுக்கைத் தலையின் நிழல் விழும்படி நகர்ந்து நின்றார்.

"ஆமாம், ஒரே நாள்தான்" என்றார் மேடம். "கோபுரம் குட்டி மேடாயிடுச்சே! இது எந்தக் கருவி சார்? கொஞ்சம் தலையை நகர்த்துங்க."

"தலை பரவாயில்லை மேடம்."

"நகர்த்துங்க சார்."

நகர்த்தினார். மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "கருவி, வீடு. அலகு... அத்தான், மணிக்கு. இது மில்லிசெகண்டுல எவ்வளவு சார்?"

கேபிள்காரர் எழுந்து நின்றார். எழுந்தது உதவிக்குத்தான். "மேடம், சகலையை வீட்ல எத்தனை தடவை புகழறாங்கன்னு சார் அளந்து வெச்சிருக்காரு. அந்த விரல் கட்டு கதவுல நசுங்கினது இல்லபோல."

எழுந்த சிரிப்பில் கீழே பட்டையில் போய்க்கொண்டிருந்த பெட்டிகள் சில தாமாகவே திசை மாறின. அதில் ஒன்று இன்னும் வந்து சேரவில்லை. கிராஃப் சார் மட்டும் சிரிக்கவில்லை. சகலையும் சிரிக்கவில்லை.

"மேடம்" என்றார் சகலை, அதே மெதுவான குரலில். "சகலை சொல்றது சரிதான். என் காலத்துல பட்டை நிக்காத நாளே கிடையாது. நீங்க அப்ப இங்க வரலை."

"நாங்கதான் இடுப்புல கை வெச்சு வெச்சு இடுப்பே தேஞ்சுபோச்சே" என்றார் ஒரு மேஸ்திரி.

கிராஃப் சார் கேபிள்காரரைப் பார்த்தார். "உனக்குமா தெரியும்?"

"தெரியும் சார்."

"ஏன்யா சொல்லலை?"

"நீங்க எங்களை எங்க கேட்டீங்க? கோட்டைத்தானே கேட்டீங்க."

மேடம் இரண்டு திரைகளையும் கழற்றச் சொன்னார். கிராஃப் சாரையே அறைக்குத் தலைவராக்கி, சகலையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருப்பி அனுப்பினார். கிளம்பும்போது சகலை, கிராஃப் சாரின் தோளில் கை வைத்தார்.

"சகலை, அந்தப் படத்தை எனக்கு அனுப்பி வைங்க."

"எதை?"

"பரப்பினது வேண்டாம். உயரமா இருக்கே, அதை."

இப்போது அது கண்ணாடிச் சட்டம் போட்டு மாமியார் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம் மாமியார், "சின்ன மாப்ளேதான் அளந்தார், ஆபீஸ் மெஷின்ல" என்று பெருமையாகச் சொல்கிறார்.

அந்த வாரம் 'வீடு' கோடு சட்டென்று தரையில் விழுந்தது. விழுந்தது அப்படியே கிடந்தது. ஒரு அத்தான் இல்லை, அரை அத்தான் இல்லை. கிராஃப் சார் பூரித்துப்போய்க் கேபிள்காரரை அழைத்துக் காட்டினார்.

"பாத்தியா? சுத்தமா பூஜ்யம். ஜெயிச்சுட்டேன்."

கேபிள்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "சார், வேற ஒரு கருவியோட கோடு இப்படிச் செத்துக் கிடந்தா நாம என்ன பண்ணுவோம்?"

"ஆளை அனுப்புவோம்."

"ஏன்?"

ஐந்து நிமிடம் ஆயிற்று. கிராஃப் சார் முகம் வெளுத்தது. "லைன் அறுந்திருக்கும்" என்று எழுந்தவர், கைபேசியைக்கூட எடுக்காமல் ஓடினார். சாலையில் அவரை முந்த முயன்ற பேருந்து ஒன்று பாதியிலேயே முயற்சியைக் கைவிட்டது.

வீட்டில் ரவுட்டர் அலமாரி மேல் இல்லை. பழையபடி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போயிருந்தது. மனைவி சமையலறையில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

"அக்கா போன் பண்ணினா" என்றாள், திரும்பாமல். "ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்களாமே."

"பேசாம இருக்கியேன்னுதான்..."

"பேசினா எண்ணுவீங்க. எதுக்கு வம்பு?" பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "'அத்தான்'னு சொன்னதை எண்ணினீங்களே, 'என்னங்க'ன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன், அதை எண்ணினீங்களா?"

அந்தக் கருவியை அவர் வரிசையில் சேர்க்கவே இல்லை. இத்தனை வருஷத்துக் கோடு, ஒரு புள்ளிகூட இல்லாமல் போயிருந்தது. கை சட்டைப்பையைத் தேடியது. "இன்னைக்கே இன்னொரு பொத்தான் வெச்சுடறேன்."

"பொத்தான் ஒண்ணும் வேண்டாம். கூப்பிட்டா 'ம்'னு சொல்லுங்க. அதுவும் அஞ்சு நிமிஷம் கழிச்சு இல்ல."

"சரி."

"என்னங்க?"

"ம்" என்றார். உடனே சொன்னார். அவர் வாழ்நாளில் அதைவிட வேகமாக எந்த ஸ்விட்ச்சும் பதில் சொன்னதில்லை.

மனைவி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டு ரவுட்டரை எடுத்தாள். "அப்ப இதை மேலயே வெச்சுடலாமா? அத்தான் வெச்ச மாதிரி?"

"வெச்சுடலாம்" என்றார் கிராஃப் சார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். கட்டைவிரல் மட்டும் தானாக ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. அதே நொடியில், ஊருக்கு மறுகோடியில் இருந்த ஆபீசில், ஆளே இல்லாத நாற்காலிக்குக் கீழே ஒட்டியிருந்த கருவி அறையின் சூட்டை அரை டிகிரி ஏற்றிக் காட்டியது. கேபிள்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார். சந்தேகப்படுகிறவர்கள் போய் அந்தக் கோட்டைத் திறந்து பார்க்கலாம். ஆனால் இப்போது அது பழசாகிச் சராசரியாகிவிட்டதால் ஒன்றும் தெரியாது.

கிராஃப் சாரின் மனைவி வீட்டுக்கு ஒரே பெண். அவளுக்கு அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது. இதற்கும் அதே வலது கண்ணின் மேல் ஆணை.